வேப்பிலை கட்டின வீடு

உட்காருங்க தாயி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. மருமக ரேஷன் கடைக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடுவோம். வந்தா யாரு என்னன்னு நூறு கேள்வி கேப்பா.

கனகலிங்கத்தோட மகள்னு சொன்னீங்க. வதனி. சரி. கடல் தாண்டி வந்து, மெட்ராசுல இறங்கி, அங்கேருந்து பஸ் மாறி மாறி இந்தப் பொட்டல்காட்டுக்கு வந்திருக்கீங்க. எதுக்கு? ஒரு கடுதாசிக்கு. அதுல நான் எழுத வேண்டியது ஒரே வரி. "அன்னிக்குச் சாக்கு மாட்டிக்கிட்டு ஜீப்புல உக்காந்திருந்த தலையாட்டி கனகலிங்கம் இல்லை." அவ்வளவுதானே?

நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. உங்க ஊர்ச் சந்தியில கல்லு நடுறாங்க. அன்னிக்குத் தலையாட்டி காட்டிக் குடுத்து, அமைதி காக்கன்னு இங்கேருந்து வந்த எங்க பட்டாளம் சுட்ட நாலு பேரோட பேரை அதுல வெட்டியாச்சு. அஞ்சாவதா உங்க அப்பா பேரையும் வெட்டணும்னு உங்க அம்மா படுத்த படுக்கையில கேக்கறாங்க. ஊர்க்காரங்க முடியாதுங்கறாங்க. காட்டிக் குடுத்தவனே அவன்தான், அவன் பேரை எப்படி வெட்டறதுன்னு கேக்கறாங்க. உங்க அம்மாவும் முப்பத்தஞ்சு வருசமா ஒரே பேச்சுதான் பேசறாங்க. அவர் அன்னிக்கு அம்மை கண்டு வீட்டுல கிடந்தாரு, வேப்பிலையைப் பார்த்துட்டு ஒரு தமிழ்ப் பட்டாளத்துக்காரன் விட்டுட்டுப் போனான்னு. அப்படி ஒருத்தன் நெசமாவே இருந்தா அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு வான்னு உங்களை அனுப்பியிருக்காங்க.

இருந்தான் தாயி. நான்தான். ஹவில்தார் பூமிநாதன், ரிடையர்டு. அப்ப அதுக்கு ஒரு படி கீழ, நாயக்.

உங்க அம்மா என் பேரையும் ஊரையும் இத்தனை வருசம் ஞாபகம் வச்சிருக்காங்களே, அதுக்கே ஒரு கும்பிடு போடணும். வாசல்ல நின்னு ரெண்டு நிமிசம் பேசினேன், அவ்வளவுதான். போகும்போது "நீ நல்லா இருப்பாய் தம்பி"ன்னாங்க. பலிச்சிருச்சு. நல்லாத்தான் இருக்கேன். ஆகஸ்டு பதினஞ்சுக்கு நம்ம ஸ்கூல்ல கொடி ஏத்தறது நான்தான். வேற யாரையும் கூப்பிட மாட்டாங்க.

எழுதித் தர்றேன், அதுல சந்தேகமே வேணாம். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் கேக்கணும். உங்க ஊர்ல எங்களைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். புத்தகம் புத்தகமா எழுதியிருக்காங்களாம். எங்க பக்கத்தை யாரு எழுதினா? பிடிச்ச ஊர்ல குடியிருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது தாயி. நீங்க அப்ப அஞ்சு வயசு.

சண்டை மூணு வாரம். அது பரவாயில்ல. எதிர்ல ஆள் இருப்பான், சுடுவான், நாம சுடுவோம். ஊரைப் பிடிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு நரகம். எங்களோட சண்டை போட்ட இயக்கத்துப் பையன்களெல்லாம் துப்பாக்கியை ஒளிச்சிட்டுச் சட்டையை மாத்திட்டானுங்க. கடையில சோடா குடுக்கறவன் யாரு, சைக்கிள்ல போறவன் யாருன்னு ஒண்ணும் தெரியாது. நாங்க தங்கினது ஒரு டாக்டர் வீடு. அவர் குடும்பத்தோட கோயிலுக்கு ஓடிட்டாரு. சுவத்துல கல்யாண போட்டோ. தேக்கு மேசையை உடைச்சுத்தான் சப்பாத்தி சுட்டோம். விறகுக்குன்னு தோட்டத்துப் பக்கம் போன ரெண்டு பேர் திரும்பி வரல, அதான்.

எங்க கம்பெனி முழுக்க வடக்கத்தி ஆளுங்க. தமிழ் பேசறவங்க ரெண்டே பேர். நான் ஒண்ணு, குடியாத்தத்துக்காரன் ஏகாம்பரம் ஒண்ணு. ஊருக்குள்ள எங்க போனாலும் எங்களை முன்னாடி விடுவாங்க, பேசறதுக்கு. பேசினா உடனே உங்க ஆளுங்க கேப்பாங்க, "தம்பி, நீங்களும் தமிழ்தானே?" அந்தக் கேள்வி ஒண்ணுதான் எனக்கு ஆகாது. தமிழ்னா? தமிழ்னா உனக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா? ஏகாம்பரம் அதைக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவான். நான் குனிய மாட்டேன். ஒருநாள் மார்க்கெட்ல ஒரு ஆளு அதையே ரெண்டு தடவை கேட்டாரு. துப்பாக்கிக் கட்டையால வாயில போட்டேன். ரெண்டு பல்லு வந்துருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் என்கிட்ட அதைக் கேக்கல.

சிரிக்கறதுக்குச் சொல்லல. ஒளிக்காம பேசறேன்னு காட்டத்தான் சொன்னேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உங்க சந்தியில எங்க ரேஷன் லாரி போச்சு. ரோட்டுக்கு அடியில புதைச்சிருந்தான். நாங்க நானூறு அடி பின்னாடி. சத்தம் அப்புறம்தான் கேட்டுச்சு, முதல்ல லாரி தூக்கிப் போனதைத்தான் பார்த்தேன். மூணு பேரு. அரிசியும் ரத்தமும் ஒண்ணாக் கிடந்துச்சு. ரத்தன்னு ஒரு பையன், காலையில என்கிட்ட சோப்பு வாங்கிட்டுப் போனவன். அவன் இடுப்புக்குக் கீழ பனைமரத்தடியில கிடந்தான். பூட்ஸ் கயிறுகூட அவுறல. நானும் ஏகாம்பரமும்தான் போர்வையில பொறுக்கினோம். எது யாரோடதுன்னு தெரியல. எடையைச் சமமாப் பார்த்து மூணு மூட்டையாக் கட்டினோம்.

அதைப் பார்த்துட்டு வந்தவனுக்கு மறுநாள் காலையில என்ன இரக்கம் இருக்கும், சொல்லுங்க. எனக்கு இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

மறுநாள் விடிஞ்சதும் சந்தியைச் சுத்தி எல்லாக் குறுக்குத் தெருவையும், நீங்க ஒழுங்கைன்னு சொல்லுவீங்களே, அடைச்சோம். மேஜர் உத்தரவு, ஒரு ஆம்பளை விடக் கூடாது. மீசை முளைச்சவன்லேருந்து பாடையில போறவன் வரைக்கும் எல்லாரும் கோயில் மேற்கு வீதிக்கு வரணும். கதவைத் தட்டறதெல்லாம் கிடையாது, உதைக்கறதுதான். கக்கூசுல இருந்த பெரியவரை வேட்டியைக் கட்டவிடாம இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டு கண்ணும் தெரியாத ஒருத்தரைத் தோளைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. ஒரு வீட்டுல கதவைத் திறக்க நேரமாச்சு. திறந்த ஆளோட கையை நிலைப்படியில வச்சு கதவை அறைஞ்சான் ஒருத்தன். எலும்பு முறியற சத்தம் எனக்கு வெளியில கேட்டுச்சு. கல்யாணம் ஆகி நாலு நாளான மாப்பிள்ளை, கழுத்துல சங்கிலி, கையில மருதாணி. அவனும் வந்தான்.

அப்பத்தான் உங்க வீடு. என்கூட ஜக்தீஷ்னு ஒருத்தன். அவன் காலைத் தூக்கிட்டான் உதைக்க. நான் நிலையில பார்க்கறேன், கொத்துக் கொத்தா வேப்பிலை. புதுசு, வாடவே இல்ல. "நில்லுடா, மாதா"ன்னேன். அவன் ஊர்லயும் அம்மைக்கு மாதான்னுதான் சொல்லுவாங்களாம், காலைக் கீழ வச்சிட்டான். உங்க அம்மா வெளிய வந்தாங்க, முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு நீங்க. "தம்பி, அம்மாள் வந்திருக்கிறா. நேற்றுத்தான் முத்துப் போட்டது. இரங்குங்கோ"ன்னாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேட்டியை விரிச்சு, அதுமேல வேப்பிலை பரப்பி, மேல் சட்டை இல்லாம படுத்திருந்தாரு. நெஞ்செல்லாம் கொப்புளம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. 

நான் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன் தாயி. அவரை இல்ல, அம்மனை. எங்க ஊர்லயும் இப்படித்தான் கட்டுவோம், அம்மா இறங்கின வீட்டுல ஆள் நுழைய மாட்டோம்னு உங்க அம்மாகிட்டச் சொன்னேன். பேரு ஊரு சொன்னது அப்பத்தான். அவரை வெளிய விடாதீங்க, யாரு கூப்பிட்டாலும் விடாதீங்க, நான் பார்த்துக்கறேன்னேன். அந்த ஒழுங்கையில, ஏன், அந்த வட்டாரத்துலயே அன்னிக்கு வீட்டுல இருந்த ஒரே ஆம்பளை உங்க அப்பாதான். நான் விட்டது. இதை முதல்ல எழுதணும் கடுதாசியில.

அதுக்கப்புறம் கோயில் வீதி. எல்லாரையும் வெயில்ல உக்கார வச்சு, எண்ணிப் பார்த்தா இருநூத்திப் பன்னெண்டு பேரு. வழக்கமா எங்களுக்கு ஒரு தலையாட்டி உண்டு. பக்கத்து ஊர் ஆளு. அவன் தலையில சாக்கை மாட்டி ஜீப்புல முன்னாடி உக்கார வச்சிருவோம். ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து நிக்கணும். அவன் சும்மா இருந்தா அந்தாளு வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினா லாரிக்கு. அன்னிக்குப் பார்த்து அந்தத் தலையாட்டி ஓடிப் போயிட்டான். முதல் நாளே. மூணு பேர் செத்ததும் அவனுக்குப் பயம் வந்துருச்சு.

மேஜர் விடுவாரா? மூணு மூட்டை ஹெலிகாப்டர்ல போயிருக்கு, மேல இருந்து போன் மேல போன். அதனால ஒரு ஆளைப் பிடிச்சு மாட்டி உக்கார வச்சாரு. சனங்களுக்கு உள்ள யாருன்னு தெரியவா போகுது? மாட்டினவன் சும்மா உக்காந்திருந்தான். உருளைக்கிழங்குச் சாக்கு அது. கண்ணுக்கு நேரா பேனாக் கத்தியால ரெண்டு ஓட்டை. ஒரே அழுகல் நாத்தம். மண்ணு உதிர்ந்து உதிர்ந்து கண்ணுல விழும், கையை உள்ள விட்டுத் துடைக்கவும் முடியாது, மூச்சு விட்டா அந்தச் சூடு திரும்ப மூஞ்சியிலயே அடிக்கும். வேர்வை வழிஞ்சு ஓட்டையை விட்டுக் கண்ணு நகர்ந்துகிட்டே...

என்ன தாயி பார்க்கறீங்க?

எப்படித் தெரியும்னா... தெரியும்.

சரி. நான்தான். நீங்களாவே கண்டுபிடிச்சிட்டீங்க, நல்லதாப் போச்சு. எப்படியும் சொல்லத்தான் போறேன். உங்க அப்பா இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்றேனே, வேற எப்படிச் சொல்ல முடியும்?

உக்காருங்க. உக்காருங்க தாயி. முழுசாக் கேட்டுட்டுக் கோவப்படுங்க.

மேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "பூமி, நீ இவங்க ஆளு. இவங்க மூஞ்சியைப் பார்த்தா உனக்குப் புரியும். எனக்கு நாலு பேர் வேணும். வாயைத் திறக்காதே." அவ்வளவுதான் உத்தரவு. ஏகாம்பரம் பக்கத்துல நின்னான். மேஜர் அந்தாண்ட போனதும் "வேணாம்டா பூமி, வயித்து வலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கோ"ன்னான். படுத்துக்கலாம். படுத்தா அவனைக் கூப்பிடுவாங்க, அவன் நாலு பேருக்குத் தலையை ஆட்டறதுக்குப் பதிலா அழுதுக்கிட்டு உக்காந்திருப்பான். இல்லாட்டி மெஷின்கன்காரனைக் கூப்பிட்டு மொத்தப் பேரையும் சுட்டிருப்பாங்க. எதையும் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

மூஞ்சியைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியல, அதையும் சொல்லிடறேன். இருநூத்திப் பன்னெண்டு பேரும் எங்க ஊர்ச் சந்தைக்கு வர்ற ஆளுங்க மாதிரியே இருந்தாங்க. எவன் குண்டு வச்சான்னு சாமிக்குத்தான் தெரியும். எனக்கு யாரு மேலயும் பகை இல்ல. அதனால ஒரு வழி வச்சேன். ஐம்பதுக்கு ஒருத்தர். ஐம்பதாவது ஆளு, நூறாவது ஆளு, இப்படியே. எண்ணிக்கிட்டே இருந்தேன். நல்லவன் கெட்டவன், ஏழை பணக்காரன், ஒரு பாரபட்சமும் கிடையாது. இன்னிக்கு வரைக்கும் நினைச்சுப் பார்க்கறேன், அந்த நிலைமையில அதைவிட நேர்மையா யாராவது செஞ்சிருக்க முடியுமா?

ஐம்பதாவது ஆளு மூக்குக் கண்ணாடி போட்டவரு. நான் தலையை ஆட்டினதும் அவரு பின்னாடி திரும்பிப் பார்த்தாரு. வேற யாரையோன்னு நினைச்சிட்டாரு. நூறாவது ஆளு மீன்காரன், கையில செதில் ஒட்டியிருந்துச்சு. அவன் காலை மடக்கிக்கிட்டு நகர மாட்டேன்னு உக்காந்துட்டான். எங்க ஆளுங்க பூட்ஸ் காலோட ஏறி மிதிச்சு இழுத்துட்டுப் போனாங்க. நூத்தம்பதாவது, அந்தப் புது மாப்பிள்ளை. எனக்குப் பொறுக்கல தாயி. மருதாணி கூட அழியல. விட்டுட்டேன். அவனுக்கு அடுத்து நின்ன ஆளுக்கு ஆட்டினேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா மண்ணுல விழுந்து கத்த ஆரம்பிச்சான். அடுத்து நின்னது அவன் அண்ணனாம். கல்யாணத்துக்கு வந்தவராம். எனக்கு எப்படித் தெரியும்? இருநூறாவது ஆளைப் பத்தி ஒண்ணும் ஞாபகம் இல்ல. தலையை ஆட்டினது ஞாபகம் இருக்கு.

நாலு பேரையும் ஸ்கூல் மதிலுக்குப் பின்னாடி கொண்டு போனாங்க. நான் ஜீப்புலதான் இருந்தேன், சாக்கை இன்னும் எடுக்கல. நாலு வெடி. கொஞ்சம் கழிச்சு அஞ்சாவது. யாருக்கோ சரியாப் படல போல. தப்பி ஓடும்போது சுட்டோம்னு பேப்பர்ல எழுதினாங்க. எழுதினது வேற ஆளு.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். உங்க ஊர்க்காரங்க மூளை எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியல பாருங்க. அவங்க என்ன பண்ணினாங்க? உக்காந்து யோசிச்சிருக்காங்க. தலையாட்டி உள்ளூர்க்காரனாத்தான் இருக்கணும். சாக்குக்குள்ள இருந்தவன் எதிர்ல வரிசையில நின்னிருக்க முடியாது. அப்ப வரிசையில நிக்காதவன் யாரு? ஒவ்வொரு வீடா விரல் விட்டிருக்காங்க. குருடர் நின்னாரு. கை ஒடிஞ்சவன் நின்னான். மாப்பிள்ளை நின்னான். நிக்காதவன் ஒருத்தன்தான். பேக்கரியில பாண் போடுற கனகலிங்கம்.

உங்க அம்மா சொல்லியிருப்பாங்க, அம்மை கண்டு கிடந்தாருன்னு. யாரு பார்த்தா? அம்மை கண்ட வீட்டுக்குள்ள யாரு எட்டிப் பார்ப்பா? வேப்பிலை யாரும் கட்டலாமேன்னு கேட்டிருப்பாங்க. பட்டாளத்துக்காரன் கும்பிட்டு விட்டுட்டுப் போனான்னா, செத்த பிணத்தைக்கூட இழுத்துட்டு வந்தவன் இவனை மட்டும் ஏன் விட்டான்னு கேட்டிருப்பாங்க. கேக்க நியாயம் இருக்கில்ல? நான் கும்பிட்டது அவருக்கு இப்படி முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?

தலைக்குத் தண்ணி ஊத்தின மறுநாள்னு சொன்னீங்களா? அதுதான். எனக்கு நாள் கணக்குத் தெரியாது. காலையில ரோந்து போறோம். சந்தியில லைட்டுக் கம்பம். அதுல ஆளைக் கட்டியிருக்கு, ஊர்ப் பேச்சைக் கேட்ட பையன்க வேலை. மின்சார வயரால கழுத்துல, நெஞ்சுல, முழங்கால்ல. நெத்தியில ஒரு ஓட்டை, பின்மண்டை இல்ல. கழுத்துல அட்டை. "காட்டிக் கொடுத்தவன்"னு அழகான எழுத்து. வடக்கத்தி ஆளுங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாதே, என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாங்க. கிட்டப் போனேன். மூஞ்சியில அம்மைத் தழும்பு, பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பா. கண்ணு திறந்திருந்துச்சு. ஜன்னல் வழியா பார்த்தாரே, அதே கண்ணு.  ஏகாம்பரம் என்னைப் பார்க்கறான். நான் அவனைப் பார்க்கல.

பிணத்தைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு, அடியில குண்டு வச்சிருப்பான். முப்பது அடி தள்ளி நின்னோம். அப்ப உங்க அம்மா வந்தாங்க. ஒரு கையில நீங்க, ஒரு கையில அரிவாள்மணை. ஆமா, அரிவாள்மணை, அடுப்படியிலேருந்து அப்படியே தூக்கிட்டு வந்திருக்காங்க. உங்களைக் கீழ இறக்கி விட்டுட்டு வயரை அறுக்கறாங்க. வயர் அறுபடுமா? அறுத்து அறுத்துக் கையெல்லாம் ரத்தம். நீங்க அப்பா காலைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கறீங்க. சுத்தி இருக்கற வீடு அத்தனையும் கதவு ஒரு சாண் திறந்திருக்கு, ஒவ்வொரு சந்துலயும் கண்ணு. ஒருத்தர் வரல. தலையாட்டியை எவன் தொடுவான்? கடைசி வயர் விட்டதும் அவரு முழுசா உங்க அம்மா மேல சாய்ஞ்சாரு. ரெண்டு பேரும் ரோட்டுல விழுந்தாங்க. அவங்க கீழ, அவரு மேல. எழுந்திரிக்க முடியல.

சாக்குக்குள்ள யாருன்னு அந்தத் தெருவுல தெரிஞ்சவங்க மேஜர், ஏகாம்பரம், நான். அதுல அவங்க பாசை தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேர்தான், சாக்கை மாட்டினவன் நான். மேஜருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஒரு தடவை கத்தியிருக்கலாம். "இவரு இல்லைடா"ன்னு. ரெண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன். மேஜர் "எல்லாரையும் உள்ள போகச் சொல்லு"ன்னாரு. "உள்ள போங்க, கதவைச் சாத்துங்க"ன்னு கத்தினேன். எல்லாக் கதவும் சாத்திக்கிச்சு.

தண்ணி குடிங்க. அந்தச் சொம்புல இருக்கு. எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க.

இப்ப கடுதாசிக்கு வருவோம். பேப்பர் குடுங்க. "கனகலிங்கம் அன்று வீட்டில் அம்மை கண்டு படுத்திருந்தார், நானே நேரில் பார்த்தேன், சாக்குக்குள் இருந்தது அவர் இல்லை." இந்தா, எழுதியாச்சு. போதுமா? என்ன? "அப்ப ஆர் இருந்ததெண்டு கேப்பினம்." கேப்பாங்கதான். நான் யோசிச்சு வச்சிருக்கேன். ஏகாம்பரம்னு போட்டுருவோம். லான்ஸ் நாயக் ஏகாம்பரம். அவனுக்கு ஒண்ணும் ஆகாது தாயி, அடுத்த மாசமே கழுத்துல குண்டு பட்டுப் போயிட்டான், என் மடியிலதான் போனான். தமிழ் பேசறவன், ஜீப்புப் பக்கத்துல நின்னவன், எல்லாம் பொருந்தும். பொண்டாட்டி குடியாத்தத்துல இருக்கா, அவளுக்கு உங்க ஊர்க் கல்லைப் பத்தி எப்படித் தெரியப் போகுது? உங்க அப்பா பேரும் தப்பிச்சுது, என் பேரும்...

என்ன சொன்னீங்க?

இன்னொருக்காச் சொல்லுங்க. "செத்த மனுசனுக்குச் சாக்குப் போடத்தான் எங்கட ஊருக்குத் தெரியுமே ஐயா. அதுக்கு நான் இஞ்ச வரத் தேவையில்லை."

சுருக்குன்னு பேசறீங்க. பேசுங்க. உங்களுக்கு உங்க அப்பா பேரு வேணும். எனக்கு என் பேரு வேணாமா? இந்த ஊர்ல ராணுவக்காரர் வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் கை காட்டும். பொங்கலுக்கு முதல் மரியாதை எனக்கு. மகனுக்கு, மிலிட்டரிக்காரர் மகன்னு சொல்லித்தான் பொண்ணு எடுத்தோம். அதையெல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துரணுமா? நான் ஒருத்தரைக் கூடச் சுடல. தலையைத்தான் ஆட்டினேன்.

ஏன் எழுந்திரிக்கறீங்க? பையை வைங்க. பேப்பரை ஏன் விட்டுட்டுப் போறீங்க, உங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?

என்ன? அம்மா என்ன சொல்லி விட்டாங்க?

அவங்க பார்த்தாங்களா? கீழ கிடந்துக்கிட்டுப் பார்த்தாங்களா? நான் வாயைத் திறந்ததையா?

"அந்தத் தம்பி அண்டைக்கு என்னவோ சொல்ல வந்தவன், சொல்லாமல் விட்டுட்டான். அதைக் கேட்டுக்கொண்டு வா." இப்படியா சொன்னாங்க?

இருங்க. உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. அந்தப் பேப்பரைக் கிழிங்க, வேற குடுங்க. இந்தப் பேனா எழுத மாட்டேங்குது, உங்களுதைக் குடுங்க.

"அன்று... சாக்குக்குள்... இருந்தது... நான்." எழுத்து தெரியுதா? நாலு பேருக்கும் ஐம்பதுக்கு ஒருத்தர்னு எண்ணித்தான் ஆட்டினேன், அவங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாது, அதையும் எழுதறேன். மாப்பிள்ளையோட அண்ணன் விசயத்தையும் எழுதறேன். கம்பத்துக்கிட்ட நின்னதையும் எழுதறேன். பட்டாள நம்பர் போடறேன். பேரு, தகப்பன் பேரு, ஊரு, தாலுகா. கையெழுத்து. இந்தாங்க, பிடிங்க. அம்மாகிட்டக் குடுங்க.

என்ன, படிச்சுப் பார்க்கணுமா? படிங்க. மனசுக்குள்ள படிங்க. "சந்தியில நான்தான் வாசிக்கோணும், ஒருக்காச் சத்தமா வாசிச்சுப் பாக்கிறன்"னா? இங்க எதுக்குச் சத்தமா? மெதுவா தாயி, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு. வெளிச்சம் பத்தலையா, லைட்டைப் போடறேன். ஏன் வாசலுக்குப் போறீங்க? குழாயடியில பொம்பளைங்க நிக்கறாங்க. டீக்கடையில பாதி ஊரு உக்காந்திருக்கு. அந்தா மருமக வேற பையைத் தூக்கிட்டு வர்றா. தாயி. தாயி, சொன்னாக் கேளுங்க. உள்ள வந்து படிங்க.

உங்க அம்மாவையும் இதே மாதிரிதானே எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. சரி.

படிங்க. படிங்க தாயி, நிறுத்தாதீங்க. ஆனா பேரோட நிறுத்தாம அதுக்குக் கீழ எழுதியிருக்கற எங்க அப்பா பேரையும் சேர்த்துப் படிங்க. பூமிநாதன், தகப்பன் பேரு சோணைமுத்துன்னு சத்தமாப் படிங்க. இந்த ஊர்ல இன்னொரு பூமிநாதனும் பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தவன். அவன் பாவம், உங்க ஊருப் பக்கமே போனதில்ல. அவன்னு நினைச்சிரப் போறாங்க.